இன்னொரு கையெழுத்து

மார்செய்க்கு ரயிலில் போய் இறங்கியபோது என் பையில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்றில் ஒரு கிலோ வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. இன்னொன்று துணிகளுக்கு அடியில் கிடந்தது. பவர் பத்திரத்தின் வரைவு.

செஞ்சிக்கு மேற்கே கொள்ளுத்தாத்தா விட்டுப்போன ஒன்றரைக் காணி நிலம் இருக்கிறது. ஆயாவுக்குப் பாதி, ஆயாவின் தங்கைக்குப் பாதி. விற்க வேண்டுமென்றால் தங்கையின் மகள், எனக்குப் பெரியம்மா, அவர் கையெழுத்தும் வேண்டும். அந்தத் தங்கை, என் சின்ன ஆயா, புதுச்சேரி சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்) ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். சைகோன், அப்புறம் அல்ஜீரியா என்று பிரெஞ்சுப் பட்டாளம் போன இடமெல்லாம் சின்னத் தாத்தாவும் போனார். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தில் குடும்பமே பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டது.

அதன்பிறகு அறுபது வருடத்தில் எங்கள் வீட்டிலிருந்து போன கடிதம், எனக்குத் தெரிந்து, ஒன்றுதான். ஆயாவின் சாவுச் செய்தி. அன்பு இல்லாமல் இல்லை. ஆயா சாகிறவரை தங்கச்சி, தங்கச்சி என்று புலம்பிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்தப் புலம்பலுக்கு யாரும் டிக்கெட் எடுக்கவில்லை. மனை விலை ஏறியதும் எடுத்தோம். நினைக்க நினைக்கக் கூசியது.

வீட்டுக்குப் போகப் பயந்து முதல் நாள் ஊரைச் சுற்றினேன். பழைய துறைமுகத்தில் காலையில் படகிலிருந்து இறக்கிய மீனை அங்கேயே கூறுவைத்து விற்கிறார்கள். எந்தச் சந்தில் திரும்பினாலும் குன்றின் மேல் பொன் பூசிய மாதா தெரிகிறாள், எங்கள் செஞ்சியில் ராஜகிரி மலை தெரிகிற மாதிரி. ராஜகிரி ஏறிப் பழகிய காலுக்கு அது பெரிய ஏற்றமில்லை. மாதா கோயிலுக்கு உள்ளே போனால், கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் தொங்குகின்றன. கடலுக்குப் போய் உயிரோடு திரும்பியவர்களின் நேர்த்திக்கடன். சாமியிடமே காரியமாகத்தான் போகிறோம் என்று கொஞ்சம் தைரியம் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் 1750-இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்து 1761 வரை உட்கார்ந்திருந்தது மலையழகைப் பார்க்கவா?

பெரியம்மாவின் வீடு நான்காம் மாடி. கதவைத் திறந்ததும், "நீ எனக்கு மகன் முறை, தெரியுமா?" என்றார். அடுத்த வார்த்தை, "குந்துப்பா." எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது வெளியே சொல்லக் கூசுகிற வார்த்தை. பத்து வயதில் கிளம்பியவர் அதை அப்படியே வைத்திருந்தார்.

பொட்டலத்தைப் பிரித்து ஒரு காயை விரல் நடுவே வைத்து நசுக்கினார். பட்டென்று உடைந்தது. சமையலறைத் தொட்டியோரம் பச்சை நிறத்தில் சதுரமாக ஒரு சோப்புக் கட்டி. போன நூற்றாண்டுக்கு முன்பே தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி இந்த ஊர் எண்ணெய் ஆலைகளுக்கு வந்துகொண்டிருந்தது. எண்ணெயும் சோப்புமாக மாறியது. எங்கள் காணி விளைச்சலும் அதில் கலந்திருக்கலாம். சின்ன ஆயாவுக்கு முன்னால் நிலம் இங்கே வந்து பார்த்துவிட்டது. இதைச் சொன்னதும் பெரியம்மா சிரித்தார். பத்திரத்தைப் பற்றிச் சொல்ல அது நல்ல நேரம். சொல்லவில்லை.

அவரே கேட்டார், ஆனால் வேறொன்று. "எங்கம்மாவ ஊர்ல வேற ஒரு பேர் சொல்லிக் கூப்புடுவாங்க. அம்மாவே சொல்லியிருக்கு. மறந்துபோச்சு. இங்க ஆஸ்பத்திரி சீட்டுல, கல்லறைல எல்லாம் பெரிய பேருதான். உனுக்குத் தெரியுமா?"

தெரியாது. செஞ்சியிலேயே இருந்த எனக்குத் தெரியவில்லை என்பது பத்திரத்தை விடக் கனத்தது. அம்மாவுக்குப் போன் போட்டு, பெரியம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். எடுத்த எடுப்பில் அம்மா, "இன்னாடா, கையெழுத்து வாங்கிட்டியா? வேற எதுவும் பேசிக்கினு இருக்காத" என்றாள்.

நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா இன்னொரு காயை உடைத்தார்.

"வாங்கல. உங்க சித்திக்கு வேற பேர் இருந்துச்சாமே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அம்மா, குரல் இறங்கி, "பக்கத்துல அக்கா இருக்காங்களா?" என்றாள். "சுண்டெலி. எங்கம்மா எப்பவும் சுண்டெலின்னுதான் சொல்லும். பானைக்குள்ள கைய வுட்டுத் திங்குமாம்."

பெரியம்மா அந்தப் பேரைச் சத்தமில்லாமல் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "எங்கூட்லயும் பானைல எதுவும் தங்காது" என்று போனைப் பார்த்துச் சொன்னார். இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போனை வைத்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எடு அந்தக் காயிதத்த" என்றார்.

கையெழுத்துக்கு அப்போது பாரிஸில் இந்தியத் தூதரகத்தின் சான்று வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயில். மிச்சமிருந்த மல்லாட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தோலை ஒரு காகிதப் பையில் போட்டபடியே போனோம்.