இயந்திரத்தை நிறுத்தத் துணியுங்கள்

"கையில் முதல் இல்லை, புது மெஷின் வாங்க வழியில்லை, பெரிய கம்பெனியோடு எப்படிப் போட்டி போடுவது?" பட்டறை நடத்துகிறவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வசனம் இது. இன்றோடு விட்டுத் தொலையுங்கள்! உலகமே திரும்பிப் பார்த்த ஓர் உற்பத்தி முறை இல்லாமையில்தான் பிறந்தது.

போரில் தோற்ற ஜப்பான். 1950-ல் டொயோட்டா திவாலின் விளிம்பில் நின்றது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். ஓர் அமெரிக்கத் தொழிலாளி செய்யும் வேலைக்கு ஒன்பது ஜப்பானியர் வேண்டும் என்பது அந்தக் காலத்தில் பேசப்பட்ட கணக்கு. அதைக் கேட்டு டொயோட்டாவின் பொறியாளர் தாயிச்சி ஓனோ சோர்ந்து உட்காரவில்லை. அமெரிக்கனுக்கு நம்மைப்போல் ஒன்பது மடங்கு உடல்வலுவா இருக்கிறது? அப்படியானால் நம் உழைப்பு எங்கோ விரயமாகிறது, அதைப் பிடித்தால் போதும் என்று எண்ணினார். எவ்வளவு தெம்பான எண்ணம் பாருங்கள்! பேங்க் வாசலில் நிற்காமலே கிடைக்கும் முதலை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

விரயத்தை ஏழாக வகுத்தார் ஓனோ. தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, சரக்கை அங்குமிங்கும் சுமப்பது, வேண்டாத வேலையைச் சேர்த்துச் செய்வது, ஸ்டாக் தேக்கம், வீண் நடமாட்டம், பழுது. முதலாவதுதான் கொடியது. ஆர்டர் இல்லாமல் செய்து குவித்த சரக்கு மற்ற ஆறையும் மூடி மறைத்துவிடும். மெஷின் ஓடும் சத்தம் காதுக்கு இனிக்கும். நீங்கள் வட்டிக்கு வாங்கிய பணம் மூலையில் பெட்டி பெட்டியாகத் துருப்பிடிக்கும்.

நிறுத்தத் தெரிய வேண்டும். கீச்சிரோவின் தந்தை சகிச்சி டொயோடா, தச்சரின் மகன். நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியை உருவாக்கியவர். நூல் அறுந்தது தெரியாமல் ஓடும் தறி முழம் முழமாகப் பழுதுத் துணியை நெய்துகொண்டே போகும். ஈரோட்டுக்காரருக்கும் கரூர்க்காரருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தானே நிற்கும் தறி வந்தது. ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொண்டார். 1929-ல் அதன் காப்புரிமைக்கு இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் 1,00,000 பவுண்டு தர ஒப்புக்கொண்டது.

மகன் தொடங்கிய கார் ஆலையிலும் அதே துணிவு. பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் லைனை நிறுத்தலாம். நிறுத்தியபின் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்க வேண்டும். மெஷின் ஏன் நின்றது? ஃபியூஸ் போனது. நாமாக இருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். ஓனோ விடமாட்டார். ஃபியூஸ் ஏன் போனது? பேரிங்கில் எண்ணெய் போதாமல் லோடு கூடியது. ஏன் போதவில்லை? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போய்விட்டது. ஒரு சின்ன வடிகட்டி! அதை வைக்காதவரை ஃபியூஸ் போய்க்கொண்டேதான் இருக்கும்.

உங்கள் பட்டறையில் நேற்று சேர்ந்த பையன், "அண்ணே, இது சரியா வரல" என்று லேத்தை நிறுத்தினால் அவனைத் திட்டுவீர்களா, தட்டிக்கொடுப்பீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ்ஸில் டை மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. ஆலோசகராக வந்த பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ அதை 90 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். நிர்வாகம் திருப்தி அடையவில்லை. மூன்று நிமிடத்தில் முடியுங்கள் என்றது. முடித்துக் காட்டினார்! பிரஸ் நின்றபின் செய்துவந்த வேலைகளில் பெரும்பகுதியை அது ஓடும்போதே செய்து முடிக்க வழி கண்டார். நம் மண்ணிலும் நடக்கும் ஐயா. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 1998-ல் வென்றது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான்.

நாளைக் காலை உங்கள் மெஷினில் செட்டிங் மாற்றும்போது கடிகாரத்தோடு பக்கத்தில் நில்லுங்கள். ஸ்பேனர் தேட எத்தனை நிமிடம், டையைத் தூக்கிவர எத்தனை, போல்ட் முடுக்க எத்தனை என்று எழுதுங்கள். முன்கூட்டியே செய்திருக்கக் கூடியவற்றை எல்லாம் சிவப்பு மையில் சுழியுங்கள். அடுத்த செட்டிங்கின்போது அந்தச் சிவப்பில் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது!