கடிவாளம் யார் கையில்?

மாற்றுத்திறனாளி ஒருவர் குதிரை வண்டி ஓட்டுகிறார். பக்கத்தில் இன்னொருவர் அதே குதிரைக்கான இரண்டாம் ஜோடி கடிவாள வார்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் வண்டியை ஓட்டுபவர் யார்? ஒரு செயல் யாருக்குச் சொந்தம் என்ற பழைய தத்துவக் கேள்விதான் இது.

பிரிட்டனில் 1969-இல் தொடங்கப்பட்ட ‘ரைடிங் ஃபார் தி டிஸேபிள்டு அசோசியேஷன்’ குதிரையேற்றத்தோடு வண்டியோட்டவும் கற்றுத்தருகிறது. சேணத்தில் உட்கார முடியாதவர்களுக்கும் வண்டி ஒத்துவரும். பின்புறச் சாய்தளம் வழியாகச் சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றி, நகராதபடி பூட்டிவிடுவார்கள். விரல்களில் பிடிமானம் குறைந்தவருக்காக வார்களில் வளையங்கள் வைத்துத் தைப்பதும் உண்டு. பக்கத்தில் இருக்கும் துணையோட்டியின் வார்கள் தளர்ந்தே கிடக்கும். குதிரை மிரண்டாலோ, ஓட்டுபவர் களைத்துப்போனாலோ அவர் இழுத்துப் பிடிப்பார்.

மனிதனைத் தேராக உருவகிப்பது தத்துவத்துக்குப் புதிதல்ல. பிளேட்டோவின் ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில் சாரதி இரண்டு குதிரைகளை ஓட்டுகிறான். ஒன்று அடங்கி நடக்கும், மற்றொன்று முரண்டு பிடிக்கும். அடக்கி ஆளும் திறமையே அங்கே சிறப்பு. கடோபநிடதம் வேறுவிதமாகச் சொல்கிறது: உடல் தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். தேருக்கு உரியவனான ஆன்மா கடிவாளத்தைத் தொடுவதே இல்லை. பிடித்த கை வேறு, உரிமை வேறு என்று கொள்ள அந்த உருவகம் இடம் தருகிறது.

அரிஸ்டாட்டில் தரும் அளவுகோலும் இங்கே உதவும். செயலின் தொடக்கம் செய்பவனிடமே இருந்தால் அது அவன் விரும்பிச் செய்த செயல் என்கிறார் அவர். எந்தப் பாதையில் திரும்புவது, எப்போது வேகம் கூட்டுவது என்று தீர்மானிப்பவரே ஓட்டுபவர். உதவி வாங்கியதால் அந்தத் தீர்மானம் கைமாறிவிடாது. குழந்தைப் பருவம், நோய், முதுமை என்று எல்லாருமே பிறரைச் சார்ந்து வாழும் காலங்கள் உண்டு என்பதை தத்துவவாதி அலஸ்டேர் மக்கின்டயர் 1999-இல் வெளியான தன் நூலில் அறவியலின் மையத்துக்கே கொண்டுவந்தார். அந்த நோக்கில் இரண்டாம் ஜோடி வார்கள் மாற்றுத்திறனாளிக்கு மட்டும் நேர்ந்த குறையல்ல; மனித வாழ்வின் பொது நிலை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் துணையோட்டி குறுக்கிட்டால், ஓட்டுபவர் வெறும் பயணிதானே? உண்மைதான். அதனால்தான் எப்போது இழுக்காமல் இருப்பது என்பது துணையோட்டியின் அறமாகிறது. ஆபத்தை முழுக்க விலக்கிவிடும் பாதுகாப்பு மனிதரின் கண்ணியத்தையும் பறித்துவிடும் என்று மாற்றுத்திறனாளிகளுக்காகக் குரல் கொடுத்த எழுத்தாளர் ராபர்ட் பெர்ஸ்கி 1972-இல் வாதிட்டார். சக்கரம் சற்றே பாதையோரம் ஒதுங்கினால் அதை ஓட்டுபவரே சரிசெய்ய விட வேண்டும். வண்டி கவிழும் நிலையில் விடக்கூடாது.

மாற்றுத்திறனாளி எதைச் செய்தாலும் அதைச் சிகிச்சைக் கணக்கில் எழுதும் பழக்கம் இன்னொரு சிக்கல். வண்டியோட்டினால் உடல் சமநிலையும் கைப்பலமும் கூடலாம். ஆனால் மற்றவர்கள் மாலையில் உலாப் போவதற்கு மருத்துவக் காரணம் கேட்பதில்லை. ஓய்வு வேலைக்காக அல்ல, வேலையே ஓய்வுக்காக என்றார் அரிஸ்டாட்டில். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு பொழுதுபோக்கையும் விளையாட்டையும் உரிமைகளாகவே ஏற்கிறது. வண்டியோட்டும் ஆசைக்கு மகிழ்ச்சியே போதுமான காரணம்.