வராதவன் கணக்கு

கூலி என்பது செய்த வேலைக்கா, செய்கிற ஆளுக்கா? வேலைக்குத்தான் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. எத்தனை வெடிக்கு மருந்து அடைத்தாய், எத்தனை சரம் பின்னினாய், அத்தனைக்குக் காசு. நேர்மையான கணக்கு என்றுகூடச் சொல்லலாம். ஆனால், அந்த ஆளுக்குக் கை வெந்துபோனால்?

கொலம்பியாவில் ஏகன் பெர்னால் என்று ஒரு சைக்கிள் பந்தய வீரர். 2019இல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றவர். 2022 ஜனவரியில் அவருடைய அணி ஒப்பந்தத்தை 2026 வரைக்கும் நீட்டித்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பயிற்சியின்போது நின்றிருந்த பஸ்ஸின் பின்புறத்தில் போய் மோதினார். முதுகெலும்பு, தொடையெலும்பு, விலா என்று ஏகப்பட்ட முறிவுகள். அணி அவரை விட்டுவிடவில்லை. ஆகஸ்டில் மறுபடியும் பந்தயத்துக்கு வந்தார். 2025இல் ஸ்பெயின் சுற்றில் ஒரு நாள் பந்தயத்தை வென்றார். இதில் தர்மசிந்தனை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று நான் நிறுக்கப் போவதில்லை. சாம்பியனின் பெயருக்கே விலை உண்டு. ஒப்பந்தம் முடிகிற வருஷத்தில் விழுந்து வைக்கிற சாதாரண வீரனின் கதி வேறு. ஆனாலும் அந்தத் தாளில் ஆளின் பெயர் இருக்கிறது, காலம் இருக்கிறது. அவர் படுத்துக் கிடந்த மாதங்களும் அந்தக் காலத்துக்குள் அடக்கம்.

நம் பக்கம் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அதே சமயத்தில், 1923இல், வேலையில் காயம்பட்டவருக்கு நஷ்டஈடு தரும் சட்டம் பிறந்துவிட்டது. 1948ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டம் இன்னும் மேலே போயிற்று: வேலையில் பட்ட காயத்தால் வர முடியாத நாட்களுக்கும் கூலியில் ஒரு பங்கு என்றது, அந்த நாட்களில் நீக்கவும் கூடாது என்றது. எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீக்குவதற்கு முதலில் ஏட்டில் சேர்த்திருக்க வேண்டுமே, அங்கேதான் தகராறு.

எனக்குத் தெரிந்த ஒருவர் மருந்து அடைக்கிறவர். இரண்டு கையும் வெந்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். “என்னைய வேண்டாம்னு யாரும் சொல்லல அண்ணாச்சி. வான்னும் சொல்லல” என்றார். காலையில் ஆள் ஏற்றும் வேன் அவர் தெருவில் நிற்கத்தான் செய்கிறது. அவர் இடத்தில் இன்னொருவர் ஏறிக்கொள்கிறார். போன தீபாவளிக்கு முன்னால் வாங்கிய முன்பணம் ஒன்றுதான் அவரை மறக்கவில்லை.

எலும்பு கூடியதைப் படம் பிடித்துக் காட்டிவிடலாம். வெந்த தோல் விஷயம் வேறு. ஒட்டுப்போட்ட இடம் வேர்ப்பதில்லை. தழும்பு இறுகி விரலை மடக்கி இழுக்கிறது. அது இளக ஒரு வருஷம், அதற்கு மேலும் ஆகும். இவர் குணமாகிவிட்டார் என்று எந்தத் தேதியில் சொல்வது?

சிறிய லைசென்ஸ்காரரைக் கேட்டால் அவருக்கும் ஒரு நியாயம் உண்டு. தீபாவளி யாருக்காகவும் தள்ளிப்போவதில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போது வட்டாரமே வேலைக்கு வராத வட்டாரம்தான். விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் ஜனங்கள் திரண்டார்கள், பத்திரிகைகள் எழுதின. ஒருவன் மட்டும் வராமல் போனால் அது அவன் வீட்டு விஷயம் ஆகிவிடுகிறது.

விரல் மடங்காதவருக்குப் பெட்டியில் அடுக்குகிற வேலையாவது கொடுக்கலாம். அது பெண்கள் செய்கிற வேலை, கூலியும் குறைவு, அவர் சங்கடப்படுவார் என்று போர்மேன் தயங்குகிறாராம். அவரை இதுவரை யாரும் கேட்கவில்லை.