துப்பினால் தோஷமா?

குழந்தைக்குச் சோறூட்டும் வைபவத்தை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். நெற்றியில் சந்தனம், இடுப்பில் குட்டிப் பட்டு, தாத்தா மடியில் சாட்சாத் கிருஷ்ணனாகவே குழந்தை! குருவாயூரில் தினம் தினம் காணலாம் இந்தக் காட்சியை.

எங்கள் வீட்டிலும் நடந்தது, வேறொரு கோயிலில். என் மகளுக்கு அப்போது நாலரை மாதம். பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம் என்பது வழக்கம் அல்லவா? ஐந்தாம் மாதத்தில் நல்ல நாள் அமைந்தது. வெளிநாட்டிலிருந்து நாத்தனாரும் வந்திருந்தார். மாமியார் ஆசை ஆசையாக ஒரு துளி பாயசத்தை வாயில் வைத்தார். மகள் நாக்கால் தள்ளினாள். மறுபடி வைத்தார். மறுபடியும் தள்ளினாள். மூன்றாவது முறை வீறிட்டு அழுதாள்.

''சுவாமி பிரசாதத்தைத் துப்பிடுச்சேம்மா... ஏதாவது குறை வெச்சுட்டோமோ?'' மாமியாரின் முகம் வாடிவிட்டது. பரிகாரம் வரை பேச்சு போனது. எனக்கும் மனசைப் பிசைந்தது.

அவள் துப்பவே இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கெட்டியாக எது நாக்கில் பட்டாலும் வெளியே தள்ளுவது பச்சைக் குழந்தையின் இயல்பு. தொண்டையில் சிக்கிவிடாமல் காக்கிற ஏற்பாடு அது. நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மெல்ல மெல்ல மறையும். தலை நன்றாக நின்று, பிடித்துக்கொண்டால் உட்கார்ந்து, நாம் சாப்பிடும்போது தட்டை எட்டிப் பார்க்கும் குழந்தைதான் சோற்றுக்குத் தயாரான குழந்தை.

இறைவன் வைத்த காவலை, அவன் பேரைச் சொல்லியே நாம் மீறலாமா?

சாஸ்திரம் அப்படி அவசரப்படுத்தவில்லை. மனுஸ்மிருதி ஆறாம் மாதம் என்று சொல்லிவிட்டு, குல வழக்கப்படியும் செய்யலாம் என்று இடம் விடுகிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதுக்கும் மேலும் தாய்ப்பால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் ஒரு குழப்பம் உண்டு. 'ஆறாம் மாதம்' என்றால் ஐந்துதான் முடிந்திருக்கும். டாக்டர் சொல்வது ஆறு முடிந்து, அதாவது 180 நாள். பெண் குழந்தைக்கு ஏழாம் மாதம் அழகாகப் பொருந்திவிடுகிறது.

ஆண் குழந்தைக்கு எட்டாம் மாதம் நாள் குறித்திருந்தால்? அதுவரை வெறும் பாலிலேயே நிறுத்துவதும் தவறுதான். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதவாக்கில் குறைந்துவிடும். பால் மட்டும் அதை ஈடுகட்டாது. 'சந்நிதியில் ஊட்டாமல் சோறு தருவதில்லை' என்று வேண்டிக்கொண்டவர்கள் பயப்பட வேண்டாம். வேண்டுதல் சோற்றுக்குத்தானே? கேழ்வரகுக் கூழையும் மசித்த பருப்பையும் குருவாயூரப்பன் கோபிக்கமாட்டான்!

இன்னொன்று, தேன். ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரத்தில் தயிர், தேன், நெய் கலந்த அன்னம் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால், தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் விஷமாக மாறக்கூடும் என்பது இன்று நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு ஒரு சொட்டுகூட வேண்டாம். தேனை விடுவதால் சடங்கு குறைந்துபோவதாக நான் நினைக்கவில்லை.

நைவேத்தியத்தின்போது என்ன செய்கிறோம், யோசித்துப் பாருங்கள். பிரசாதத்தை முன்னே வைத்து, திரையை இழுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். சுவாமிக்குக் காட்டுகிற அந்தப் பொறுமையை மடியில் இருக்கிற சுவாமிக்கும் காட்டலாமே!

என் மகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை. நாளும் பார்க்கவில்லை, நட்சத்திரமும் பார்க்கவில்லை. மாமியார் மடியில் அவளை வைத்துக்கொண்டே பருப்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மாமியார் உப்புப் போடாத சாதத்தைக் கொண்டுவரச் சொல்லி, குழைய மசித்து நாக்கில் வைத்தார். விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள்.

''அன்னிக்கு இதுக்குப் பசியே இல்ல போலிருக்கும்மா'' என்றார் மாமியார், அடுத்த வாயைப் பிசைந்துகொண்டே.