பத்தாவது மனிதர்

வேதக்காரர்களான யூதர்களின் மார்க்கச் சட்டப்படி, 13 வயது நிரம்பிய ஆண்கள் 10 பேர் கூடினால்தான் கூட்டு வணக்கம் முழுமையாகும். ஒருவர் குறைந்தாலும் தவ்றாத் சுருளைச் சபையில் விரித்து ஓதலாகாது; மறைந்த பெற்றோருக்காக மகன் ஓதும் ‘கத்தீஷ்’ என்னும் துதியையும் ஓதலாகாது.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூத ஆலயம் இன்றும் நிற்கிறது. ஆனால் 1948க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறிவிட, வெளியூர் யூதர் வந்தால்தான் 10 நிரம்பும் என்ற நிலை வந்தது.

வராதவர் இழப்பது தம் நன்மையை மட்டும்தானா? 9 பேர் காத்திருக்க, பத்தாமவர் வீட்டிலிருந்தால், தந்தையை இழந்த மகனின் துதியுமல்லவா தடைபடுகிறது!

நம் மார்க்கத்திலும் ஜும்ஆவுக்குக் கணக்குண்டு. ஹனஃபி மத்ஹபில் இமாமைத் தவிர 3 பேர். ஷாஃபிஈ மத்ஹபில் 40 பேர். அந்த நாற்பதின்மரும் ஊரில் நிலையாகக் குடியிருப்போராக இருக்க வேண்டும். வழிப்போக்கரைக் கொண்டு நிரப்ப இயலாது.

பிழைப்புக்காக வளைகுடா சென்ற வாலிபர்களை நாம் குறை கூறவில்லை. ஹலாலான சம்பாத்தியமும் கடமையே. திருப்பனந்தாள் கடைவீதியில் அமர்ந்து, “நான் ஒருவன் போகாவிட்டால் என்ன?” என்பவரிடமே கேட்கிறோம்: உம்மை எண்ணிக் காத்திருப்பவர்களின் வணக்கத்துக்கு யார் பொறுப்பு?

சிந்திப்போமாக!