புகைப்பழக்கமும் வாசனாமலமும்

தைப்பூசத்திற்குக் காரைக்குடிப் பக்கத்தினின்று பழனிக்கு நடந்து செல்லும் அன்பருள், விரதம் பற்றிச் சுருட்டும் சிகரெட்டும் விடுவார் உளர். மீண்டபின் மனக்கலக்கம் பொறாது அவற்றையே பற்றுவாரும் உளர். புகை கலக்கந் தீர்க்கும் என்பது அவர் கருத்து. யாம் அதனை மயக்கம் என்போம். புகையிலையின் நிக்கோட்டின் உடலிற் குறையுங்கால் எழும் வேட்கையே அக்கலக்கம். தான் விளைத்த நோயைத் தானே சிறிது தணித்து மீட்டும் விளைப்பது புகை.

விட்ட முதல் 3 நாளில் மிக்கெழும் அக்கலக்கம், 2 முதல் 4 வாரத்திற் பெரும்பாலும் தணியும். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடமே நிற்கும். மலம் நீங்கியவழியும் வாசனை தாக்குமெனக் கண்டே, சிவஞானபோதம் ஒன்பதாஞ் சூத்திரம் திருவைந்தெழுத்தை விதித்தது. ஆதலின், வேட்கை எழுந்துழி அச்சில நிமிடமும் ஓரிடத்தமர்ந்து, மூச்சினை மெல்லவிட்டு, அஞ்செழுத்தை எண்ணுக. வேண்டுழி மருத்துவர் துணையும் கொள்க. கலக்கங்கண்டு அஞ்சற்க, அது பாசங் கழலுங் குறியேயாம்.