சுவாமியார் மாறினால் தர்மமும் மாறுமோ?



புதுப் பங்குச் சுவாமியார் வருகிறார் என்றால் நம் குப்பங்களில் தோரணம் கட்டுவோம், மேளம் வைப்போம், மாலை போட்டுக் கோயிலுக்கு அழைத்து வருவோம். இது நல்ல வழக்கந்தான். ஆண்டவர் அனுப்பினவரை வரவேற்கிறவன் ஆண்டவரையே வரவேற்கிறான் அல்லவா?

ஆனால் மாலை வாடின பிறகு ஒரு கேள்வி எழும்புகிறது. அநேகம் பங்குகளில் நடப்பதைப் பாருங்கள். ஒரு சுவாமியார் இருக்கும் மட்டும் விதவைகளுக்கு அரிசி போகும், நோயாளிக்கு மருந்து போகும். அவர் மாறிப் போனதும் எல்லாம் நின்றுவிடும். "புதுச் சாமி வந்து சொல்லட்டும், பார்ப்போம்" என்பார்கள். அப்படியானால் இதுவரை கொடுத்தது யார்? நாமா, அவரா? அவர் முகத்துக்காகக் கொடுத்தோம் என்றால், அது தாட்சணியமே தவிர தர்மமல்ல.

பழவேற்காட்டு மகிமை மாதா கோயில் 1515-ல் போர்த்துக்கீசியர் காலத்தில் எழும்பியது என்று வழங்குகிறது. பின்பு ஒல்லாந்தர் வந்து கோட்டை கட்டினார்கள், 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று, அவர்களும் போனார்கள். எத்தனையோ குருக்கள் வந்தார்கள், போனார்கள். நின்றது யார்? ஏரியும் சனங்களுமே. ஆகையால் கோயிலின் தர்மத்தைக் காக்கும் பொறுப்பும் நிற்கிறவர்களுடையதே.

1617-ம் ஆண்டில் அர்ச். வின்சென்ட் தெ பவுல் பிரான்சு தேசத்தில் ஷாத்தியோன் என்ற சிற்றூருக்குப் புதுப் பங்குக் குருவாக வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு குடும்பம் முழுவதும் நோயில் கிடப்பதைப் பிரசங்கத்தில் சொன்னார். அன்று பின்னேரம் ஊரே உணவு சுமந்து அந்த வீட்டுக்குப் போயிற்று. அவர் மகிழ்ந்தார், கவலையும் பட்டார். இன்று மிஞ்சி அழுகும், நாளைக்கு ஒன்றும் இராது! ஆகவே சில பெண்களைக் கூட்டி, ஆளுக்கொரு நாள் முறை வைத்து ஒரு சபை ஏற்படுத்தினார். அந்த வருடம் முடியுமுன் அவர் அவ்வூரை விட்டுப் போனார். சபையோ நிலைத்தது.

முறை வைப்பது நமக்குப் புதிதா? நம் ஏரியில் "பாடு" இருக்கிறதே! கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னாருக்கு இன்ன இடம் என்று பிரித்து வலை கட்டுவது நம் முன்னோர் வைத்த ஒழுங்கு. நல்ல இடம் பலசாலிக்கே என்றில்லாமல் எல்லாருக்கும் சுற்றி வருகிறது. இறாலுக்கு முறை வைக்கத் தெரிந்த நமக்கு இரக்கத்துக்கு முறை வைக்கத் தெரியாதா?

ஒன்று மட்டும் கவனியுங்கள். பாடு, பாத்தியதை உள்ளவனுக்குத்தான். பாடு இல்லாதவர்களும் இந்த ஏரியை நம்பிப் பிழைக்கிறார்கள். ஆழமில்லாத தண்ணீரில் சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் சனங்களை நாம் தினமும் பார்க்கிறோம். "முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்தால் நமக்கே கஞ்சிக்கு வழியில்லை, வேதத்தில் சேராதவருக்கும் கொடுப்பதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம்மவருக்கு முதலில் கொடுப்பது குற்றமல்ல. நம்மவரோடு நிறுத்திவிடுவதே குற்றம். நாளைக்குத் திருப்பித் தரக்கூடியவனுக்கு மட்டும் கொடுத்தால் அது மொய். நோட்டில் எழுதி வைக்கலாம். நல்ல சமாரித்தன் நோட்டு வைத்திருக்கவில்லை. 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கி வந்தபோது அது யாருடைய வேதத்தையும் விசாரிக்கவில்லை. நமக்குச் சோறு கொண்டு வந்தவர்களும் விசாரிக்கவில்லை.

ஆகையால் பிரியமானவர்களே, புதுச் சுவாமியார் வந்ததும் ஊர்ச் சண்டைகளையும் கட்சிகளையும் அவர் காதில் போடாதேயுங்கள். எந்த வீட்டில் நோயாளி கிடக்கிறான், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, இந்த வாரம் யாருடைய முறை என்று எழுதி அவர் கையில் கொடுங்கள். இதைவிட நல்ல வரவேற்பு வேறில்லை. அவர் மாறிப் போகும் நாளில் அந்தக் காகிதத்தை நீங்களே வாங்கி, அடுத்து வருகிறவரிடம் கொடுங்கள்.

மகிமை மாதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.